வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்



வெள்ளம் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் மேட்டுக்கு அனுப்ப வேண்டும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். மெயின் சுவிட்சை அடைக்க வேண்டும். ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "இதுல கேக்கறதுக்கு என்னங்க இருக்கு? சேத்தைத் தள்ளி, குப்பையை வாரிக் கொட்டி, வீட்டைக் கழுவ வேண்டியதுதான்" என்பார்கள்.

அந்த மறுநாளைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப் போகிறோம். தண்ணீர் செய்கிற கொடுமை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தண்ணீர் விட்டுப் போகிற குப்பை செய்கிற கொடுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலாக வரும்போது, அதை அந்தக் குப்பையோடு சேர்த்து நினைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சாதாரணமாக ஒரு மாதத்தில் பெய்கிற மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேலேயும் மாடியிலேயும் நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். நம் இனத்தார் நிறையப் பேர் வாழும் குடியிருப்பு அது. அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுவதும் 54 பேர் உயிரிழந்தார்கள். நட்டம் 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்குக் கொடுத்தது.

தண்ணீர் இறங்கியதும் அடுத்த துன்பம் ஆரம்பமானது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் உயரத்துக்குக் குவியல். சோபா, மெத்தை, அலமாரி, ஐஸ்பெட்டி, தொலைக்காட்சி, துணி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம் எல்லாம் ஒன்றாகச் சேற்றில் ஊறிக் கிடந்தன. இரு பக்கமும் குவியல் ஏறியதால் தெரு குறுகியது. லோரி உள்ளே நுழையவே சிரமப்பட்டது. எங்கிருந்தெல்லாமோ தொண்டர்கள் வந்து, இனம் மதம் பார்க்காமல் மண்வெட்டியைப் பிடித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் சிலிப்பரோடும் வெறுங்காலோடும் அந்தச் சேற்றில் நின்றார்கள் என்பதையும் பார்த்தோம்.

1971 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று லயத்து வீட்டில் என்ன இருந்தது? ஒரு மரக்கட்டில், ஒரு தகரப் பெட்டி, பாய், பாத்திரம். கழுவி வெயிலில் காய வைத்தால் மறுபடி வீட்டுக்குள் போய்விடும். இன்று அப்படியா? பஞ்சு மெத்தையும், மரத்தூளை ஒட்டிச் செய்த அலமாரியும் ஒரு முறை நனைந்தால் தீர்ந்தது. மெத்தையைப் பிழிந்து காய வைக்க முடியாது. அலமாரி ஊதிப்போய் உதிரும். வீட்டுச் சாமான் கூடியிருக்கிறது. அதனால் வெள்ளக் குப்பையும் பல மடங்கு கூடியிருக்கிறது. பழைய பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது.

பிற நாட்டார் எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஜப்பானில் ஹிகாஷி மட்சுஷிமா என்று ஒரு கடலோர நகரம் இருக்கிறது. 2003இல் அந்த வட்டாரத்தில் நிலநடுக்கம் வந்தபோது, இடிந்ததையெல்லாம் ஒரே மேடாகக் கொட்டிவிட்டார்கள். பிறகு அதைக் கலைத்துப் பிரிப்பதற்குள் பெரும் செலவாகிப் போனது. 2011இல் சுனாமி வந்தபோது அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. முதல் நாளிலிருந்தே மரம் தனி, இரும்பு தனி, கான்கிரீட் தனி என்று தனித்தனிக் குவியல் போட்டார்கள். மிச்சத்தைக் கையாலேயே 19 வகையாகப் பிரித்தார்கள். அந்த வேலைக்கு வீடும் பிழைப்பும் இழந்த உள்ளூர் மக்களையே கூலி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 97 விழுக்காடு குப்பை மறுபயன்பாட்டுக்குப் போய்விட்டது. நமக்கு 19 வகை வேண்டாம், நாலு வகை பிரித்தால் போதும்.

தோட்டத்தில் இதை எப்படிச் செய்வது? முதலில் இடம். நகரத்தில் ஊராட்சி மன்ற லோரி வாசலுக்கு வரும். தோட்டத்துக்குள் பல இடங்களில் அது வருவதில்லை. தோட்ட நிர்வாகத்தின் டிராக்டரைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஆகவே, சுத்தம் செய்யத் தொடங்குவதற்கு முன் லயத்துக்கு ஒருவராகச் சேர்ந்து, நிர்வாகத்திடம் இரண்டு விஷயத்தைப் பேசி முடியுங்கள்: குப்பையை எங்கே கொட்டுவது, டிராக்டர் எந்தெந்த நாள் வரும். இடம் மேடாக, லோரி வந்து திரும்பும்படி பாதையோரமாக இருக்கட்டும். கிணறு, ஓடை, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். மின்கம்பிக்குக் கீழேயும் வேண்டாம். "நம்ம வீட்டுப் பின்னால கொட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்தால், லயத்துக்கு ஒரு எலிக்கோட்டை எழும்பிவிடும்.

அழுகுகிற பொருள் முதலில் போக வேண்டும். அரிசி, மீன், கோழித் தீவனம், செத்த கோழி, செத்த ஆடு எல்லாம் இதில் அடங்கும். எலியை அழைத்து வருவது இதுதான். அன்றன்றே அள்ளுவதற்கு வழியில்லை என்றால், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஐஸ்பெட்டியை "உள்ளே என்ன இருக்குன்னு பாப்போம்" என்று திறக்காதீர்கள். கயிறு போட்டுக் கதவைக் கட்டி, அப்படியே வெளியேற்றுங்கள். வெளியே போட்ட ஐஸ்பெட்டிக்குள் பிள்ளைகள் ஒளிந்து விளையாடி மூச்சு முட்டும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகவும் கட்டித்தான் வைக்க வேண்டும்.

மெத்தை, சோபா, அலமாரி இவை இரண்டாவது குவியல். தகரம், இரும்பு, மின்சாரச் சாமான் மூன்றாவது. பழைய இரும்புக்காரர் வந்தால் இதற்குக் காசு கிடைக்கும். ஆனால் அந்தக் காசுக்காகப் பிள்ளைகளைக் குவியலில் ஏற்றாதீர்கள்.

நாலாவது குவியல்தான் தோட்டத்துக்கென்றே உள்ளது. களைக்கொல்லி, பூச்சிமருந்து, உரம். ஸ்டோரில் இருந்த டிரம்மும் போத்தலும் வெள்ளத்தில் மிதந்து எங்கேயாவது ஒதுங்கிக் கிடக்கும். லேபிள் உரிந்து போயிருக்கும். பாராக்குவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் எந்த மூலையில் எந்தப் பழைய போத்தல் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதை முகர்ந்து பார்க்காதீர்கள், ஓடையில் ஊற்றாதீர்கள். காலி டிரம் நன்றாக இருக்கிறதே என்று தண்ணீர் பிடிக்கக் கொண்டு போகவே போகாதீர்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுத் துணியைக் கட்டி அடையாளம் வையுங்கள். எடுத்து அப்புறப்படுத்துவது நிர்வாகத்தின் பொறுப்பு. அதற்குப் பழகிய ஆளும் உடையும் அவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

பழைய லயங்களில் அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருந்தால், உடைந்ததைக் காய்ந்தபடியே நொறுக்காதீர்கள், பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துக்கூட நோயைக் கொண்டு வரும். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முழுத் துண்டாகவே எடுத்துத் தனியாக மூடி வைக்கச் சொல்லுங்கள்.

இந்தக் குவியலையெல்லாம் கொளுத்திவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். கொளுத்தாதீர்கள். மெத்தைப் பஞ்சும் பிளாஸ்டிக்கும் ஒயரும் எரிகிற புகை நஞ்சு. இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளை அது அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். சுற்றுச்சூழல் தரச் சட்டமும் திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது.

இனி, தலைப்பில் சொன்ன காய்ச்சலுக்கு வருவோம்.

எலிக்காய்ச்சல் என்பதை மலாய்க்காரர்கள் 'கென்சிங் திக்குஸ்' என்பார்கள். டாக்டர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்று எழுதுவார்கள். எலியின் சிறுநீரில் இருக்கிற கிருமி வெள்ளத்தில் கலந்து சேறெங்கும் பரவுகிறது. ஈரமான மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிராய்ப்பு, சேற்றுப்புண், கண், மூக்கு, வாய் எதன் வழியாகவும் உடம்புக்குள் போகும். வெகுநேரம் தண்ணீரில் நின்று ஊறிப்போன தோலே அதற்குத் திறந்த கதவுதான். ஆனால் காய்ந்தால் இந்தக் கிருமி தாங்காது. வெயில்தான் அதற்கு எமன்.

இது நேற்று வந்த நோய் அல்ல. மலாயாவில் 1925இலேயே இதைக் கண்டு சொன்னவர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் வில்லியம் பிளெட்சர். 2014 டிசம்பரில் கிளந்தானில் கோலக் கிராய், மானெக் ஊராய் வட்டாரங்களை வெள்ளம் துடைத்துப் போட்டதே, அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் இந்த நோய் கூடியதை ஆய்வாளர்கள் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். 2010 முதல் இது டாக்டர்கள் கட்டாயம் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. பெயர் மெலியோய்டோசிஸ். இது எலியால் வருவதல்ல. நம் நாட்டு ஈர மண்ணிலேயே குடியிருக்கும் கிருமி. மழையும் வெள்ளமும் அதை மேலே கொண்டு வருகின்றன. 1911, 1912ஆம் ஆண்டுகளில் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். பெயர் வைத்தவர்கள் பிளெட்சரும் அவருடன் வேலை பார்த்த ஸ்டான்டனும். பெயர் வைத்த ஊர் நம் ஊர்தான்.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2010இல் பகாங் மாநிலத்தில் பார்த்தோம். மாரான் வட்டாரத்தில் லுபுக் யூ என்ற நீர்வீழ்ச்சிப் பகுதியில் மூழ்கிப்போன ஒருவரைத் தேட, மீட்புப் படையினரும் கிராமத்து மக்களுமாக 153 பேர் தண்ணீரில் இறங்கினார்கள். பிறகு அவர்களில் 10 பேருக்கு மெலியோய்டோசிஸ் உறுதியானது. அந்தப் பத்துப் பேரில் 4 பேருக்கு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். ஒரு உயிரைத் தேடிப் போய் எட்டு உயிர். அவர்கள் ஒருவரும் தண்ணீரில் மூழ்கிச் சாகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களை மெலியோய்டோசிஸ் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. நம் மக்களிடையே இனிப்புநீர் எவ்வளவு இருக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். இனிப்புநீர் உள்ளவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணிகள், பிள்ளைகள் ஆகியோர் சேற்றில் இறங்கக் கூடாது. "என் வீட்டை நான் கழுவாம வேற யாரு கழுவுவா?" என்று பெரியம்மா கேட்பார். அக்கம்பக்கத்துப் பையன்கள் கழுவட்டும். பெரியம்மா மேட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி போட்டுக் கொடுக்கட்டும். கோத்தோங் ரோயோங் என்பதற்கு எல்லோரும் சேற்றில் இறங்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

இறங்குகிறவர்கள் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்சும், தடித்த கையுறையும், நீளக் காற்சட்டையும் போட வேண்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு மூட வேண்டும். பெரிய காயம் என்றால் இறங்கவே வேண்டாம். சேற்றுக் கையால் சிகரெட், வெற்றிலை, ரொட்டி எதையும் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்தியதைத் துவைத்து, பூட்சை உள்ளும் புறமும் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

ஆணியோ தகரமோ ஆழமாகக் குத்தினால், இரத்தம் நின்றுவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது. சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போய்க் கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அழுக்குக் காயமாக இருந்து, ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள்.

குவியலில் கையை விடுவதற்கு முன் நீளக் கம்பால் தட்டுங்கள். வெள்ளத்தில் வீடிழந்தது நாம் மட்டும் அல்ல, பாம்பும்தான். நாகமோ மலைப்பாம்போ தென்பட்டால் 999க்கு அழைத்துப் போம்பாவை வரச் சொல்லுங்கள். பாராங்கைத் தூக்கி வீரம் காட்டப் போய்க் கடி வாங்குகிறவர்கள் உண்டு. கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வீட்டுக்குள் இருக்கிற சேறு காய்ந்து இறுகுவதற்குள் தள்ளிவிடுவது நல்லது. முதலில் சோப்புத் தண்ணீர், அதன் பிறகுதான் குளோரோக்ஸ். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கோப்பை போதும். அழுக்கின் மேலேயே குளோரோக்ஸை ஊற்றினால் அது வேலை செய்யாது, காசுதான் வீண். கழிவறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்தால் மூச்சைப் பிடிக்கும் நச்சுக்காற்று கிளம்பும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கொசுவைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை, நிறைய எழுதியாயிற்று. ஒன்று மட்டும்: பால் கோப்பை, தேங்காய்ச் சிரட்டை, டயர், கவிழாமல் கிடக்கும் வாளி என்று வெள்ளம் பரப்பிவிட்டுப் போனதில் தேங்கும் தண்ணீரில், ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசு பறந்துவிடும். குப்பையை வாரும்போதே கவிழ்த்துவிட்டால் டிங்கிக்கும் வழி அடைபட்டது.

நிர்வாகமே வேலை நேரத்தில் தொழிலாளர்களை வெள்ளக் குப்பை அள்ள அனுப்புகிறது என்றால், அது தோட்ட வேலைதான். பூட்சும் கையுறையும் நிர்வாகம் கொடுக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. அடிபட்டால் கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். "சின்னக் காயந்தானே" என்று பேசாமல் இருந்துவிட்டுப் பின்னால் கால் வீங்கியபிறகு போனால், எங்கே எப்போது பட்டது என்று நிரூபிக்க ஆள் தேட வேண்டி வரும்.

கடைசியாக, கிளினிக்கில் பேசுவது எப்படி என்று பார்ப்போம். முனியாண்டி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்து பத்தாம் நாள் அவருக்குக் கடுங்காய்ச்சல், தலைவலி. கெண்டைக்காலைத் தொட முடியாத வலி. கண் சிவந்திருக்கிறது. மனைவி பனடோல் கொடுக்கிறார். கொஞ்சம் தணிகிறது, மறுபடி ஏறுகிறது. மூன்றாம் நாள் டாக்டரிடம் போகிறார்.

"என்ன செய்யுது?"

"காய்ச்சல் டாக்டர். உடம்பெல்லாம் வலி."

அதோடு நிறுத்திவிடுகிறார். டாக்டர் பார்க்கிறார், ஊரெல்லாம் ஃபுளூ. மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இன்னும் இரண்டு நாள் போனால் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், சிலருக்கு இருமலில் இரத்தம் வரும். அந்தக் கட்டத்தில் சிறுநீரகமும் நுரையீரலும் அடிபட்டிருக்கும்.

இதே முனியாண்டி, "டாக்டர், பத்து நாளைக்கு முன்னால வெள்ளச் சேத்துல இறங்கிக் குப்பை வாரினேன், கால்ல காயம் இருந்துச்சு, எனக்கு இனிப்புநீரும் இருக்கு" என்று ஒரு வரி கூடுதலாகச் சொல்லியிருந்தால், டாக்டரின் யோசனை வேறு பக்கம் திரும்பியிருக்கும். இரத்தம் எடுத்துப் பார்ப்பார். எலிக்காய்ச்சலுக்கும் மெலியோய்டோசிஸுக்கும் மருந்து உண்டு. ஆரம்பத்தில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது. சேற்றில் இறங்குவதற்கு முன்பே சிலருக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பதும் உண்டு. அதுவும் டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டியது.

எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காட்டும். ஒரு மாதம் வரை தள்ளிப்போவதும் உண்டு. அவ்வளவு நாள் தேதியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆகவே, சேற்றில் இறங்கிய அன்று வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, யார் யார் இறங்கினீர்கள் என்று பக்கத்தில் பெயரை எழுதி வையுங்கள். காலண்டர் வெள்ளத்தில் போயிருந்தால் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் எழுதினாலும் சரி. அந்தத் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் அந்தப் பெயர்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கிளினிக்கில் முதலில் சொல்ல வேண்டியது அந்தத் தேதியைத்தான்.